ஏ.பி.எஸ். வாகனங்களின் பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றும் முறை

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு ஜில்லாக்களிலும் விவசாயிக்கு மோட்டார் வாகனம் ஏர் கலப்பைக்கு அடுத்த சாதனமாக ஆகிவிட்டது. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் சந்தைக்குப் போவதும், மக்காச்சோள விதையும் உரமும் கூட்டுறவு சங்கத்திலிருந்து வயலுக்கு வந்து சேர்வதும், கிராம நிர்வாக அலுவலர் சாகுபடியைப் பார்வையிடச் செல்வதும் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் மேல்தான். சற்று வசதியுள்ள நிலச்சுவான்தார்கள் கார் அல்லது ஜீப்பும் வைத்திருக்கின்றனர்.

இவ்வாகனங்கள் செல்லும் சாலைகளோ சாமான்யமானவை அல்ல. அரியலூரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இடைவிடாது ஓடுகின்றன. சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை பெரம்பலூர் ஜில்லாவின் ஊடே செல்கிறது. அரவைப் பருவத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் கிராமச் சாலைகளை அடைத்துக்கொண்டு போகின்றன. மழைக்காலத்தில் கரிசல் சேறு வண்டிச் சக்கரங்களோடு வந்து தார்ச் சாலையில் படிந்து கிடக்கிறது. இத்தகைய சாலைகளில் திடீரென்று நிற்க வேண்டி நேரும்போது உயிரைக் காப்பது பிரேக்கே ஆகும்.

டிராக்டரின் பிரேக்குத் தண்டுகளைத் தாமே முடுக்கிச் சரிசெய்துகொள்ளும் பழக்கம் விவசாயிகளில் அநேகருக்கு உண்டு. அப்பழக்கத்தைக் கொண்டே தங்கள் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பிரேக்கு மாற்ற முற்படுவோர் பலர். இவ்வாகனங்களில் இப்போது ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு சேர்ந்திருப்பதால், எதுவரை வீட்டில் செய்யலாம், எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத் திட்டமாய் அறிந்திருத்தல் அவசியம். சுருங்கச் சொன்னால், தேய்ந்த பேடுகளை மாத்திரம் எடுத்துப் புதியவற்றை வைப்பது, கைத்திறமையும் பொறுமையும் உடைய எவரும் செய்யக்கூடிய வேலை. பிரேக் ஆயில் செல்லும் பாதையைத் திறப்பதோ, ஏ.பி.எஸ். பாகங்களில் கை வைப்பதோ வீட்டு வேலை ஆகாது. இவ்வெல்லையின் காரணத்தையும், எல்லைக்குட்பட்ட வேலையைச் செய்யும் முறையையும் இனி விளக்குவோம்.

பிரேக்கு வேலை செய்யும் விதம்

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டே டிஸ்க் எனப்படும். அதை இருபுறமும் கவ்விக்கொண்டிருக்கும் பாகம் காலிப்பர். காலிப்பருக்குள் இரண்டு உராய்வுக் கட்டைகள் உள்ளன, இவையே பேடுகள். கைப்பிடியை இழுத்தாலும் மிதியை அழுத்தினாலும், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே தள்ளப்பட்டுக் காலிப்பரிலுள்ள பிஸ்டனை நகர்த்துகிறது. பிஸ்டன் பேடுகளை டிஸ்க்கின் மேல் நெருக்குகிறது. ஓட்டத்தின் வேகமெல்லாம் உராய்வினால் உஷ்ணமாக மாறி, வண்டி நிற்கிறது.

வேகம் இரு மடங்கானால் பிரேக்கு உறிஞ்ச வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போதுமானதாய்த் தோன்றும் தேய்ந்த பேடு, 60 கிலோமீட்டரில் கைவிட்டுவிடக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். தவிரவும், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி சென்றாலும், அதற்குள் வண்டி ஏறக்குறைய 17 மீட்டர் முன்னேறிவிடும். பின்னால் இரண்டு வெங்காய மூட்டைகள் இருந்தால், நிறுத்த வேண்டிய பாரமும் அதற்கேற்பக் கூடுகிறது.

ஏ.பி.எஸ். என்பது யாது?

சரிவில் இறங்கும் பாரவண்டியின் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிவிட்டால், சக்கரம் சுழலாமல் தரையில் இழுபட்டு வழுக்கும். மோட்டார் வாகனத்திலும் பிரேக்கை மிதமிஞ்சி அழுத்தினால் இதுவே நிகழ்கிறது. சுழலும் சக்கரத்திற்கு உள்ள தரைப்பிடிப்பு, பூட்டிக்கொண்டு இழுபடும் சக்கரத்திற்கு இல்லை. காரில் முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் பயனில்லை. மோட்டார் சைக்கிளில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் கீழே விழுவது பெரும்பாலும் நிச்சயம்.

இதைத் தடுப்பதற்கு ஏற்பட்டதே ஏ.பி.எஸ். இதில் மூன்று பாகங்கள் முக்கியமானவை. முதலாவது, சக்கரத்தின் குடத்தருகே சுழலும் பல்வளையமும், அதன் எதிரே சிறு இடைவெளியில் நிற்கும் சென்சாரும். சக்கரம் எவ்வளவு வேகமாய்ச் சுழல்கிறது என்பதை இச்சென்சார் அறிவிக்கிறது. இரண்டாவது, அவ்வறிவிப்பைக் கணிக்கும் மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டி. மூன்றாவது, அப்பெட்டியின் கட்டளைப்படி பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுகள் அடங்கிய மாடுலேட்டர். சக்கரம் பூட்டிக்கொள்ளப்போகும் தறுவாயில் வால்வுகள் அழுத்தத்தைத் தளர்த்தி மறுபடியும் கொடுக்கின்றன. ஒரு விநாடிக்குள் இது பல தடவை நிகழ்கிறது. அப்போது கைப்பிடியிலோ மிதியிலோ உண்டாகும் துடிப்பைக் கண்டு அஞ்சிப் பிரேக்கை விட்டுவிடலாகாது. பழைய வண்டிகளில் விட்டு விட்டு அழுத்துவது வழக்கம். ஏ.பி.எஸ். உள்ள வண்டியிலோ ஒரே உறுதியாய் அழுத்திப் பிடித்திருப்பதே முறை. விட்டு விட்டு அழுத்துவதை அமைப்பே செய்துவிடுகிறது.

இம்முறை முதலில் விமானச் சக்கரங்களுக்கென உபயோகப்பட்டுப் பின்னர் தரை வாகனங்களுக்கு வந்தது. ஜெர்மனியில் 1978-இல் பாஷ் கம்பெனியின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் கார்களில் பொருத்தப்பட்டது. 1988-இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி அதனை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய இருசக்கர வாகனங்களில், புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், விற்பனையாகும் எல்லா மாடல்களுக்கும் 2019 ஏப்ரல் 1 முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. கார்களுக்கும் அதே காலத்தில் கட்டாயமாயிற்று. அதற்குட்பட்ட சிறு எஞ்சின் வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அல்லது, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களுக்கும் செல்லும் கூட்டுப் பிரேக்கு வேண்டுமென்று அவ்விதி கூறிற்று. எனவே, 2019-க்குப் பின் வாங்கிய வண்டியை உடையவர், தம் வண்டியில் எது உள்ளது என்பதைக் கைப்புத்தகத்தைப் பார்த்து முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் முன்சக்கரத்திற்கு மாத்திரமே ஏ.பி.எஸ். உண்டு, அவற்றின் பின்சக்கரம் முன்போலவே பூட்டிக்கொள்ளும்.

ஏ.பி.எஸ். செய்யாதவை

ஏ.பி.எஸ். பிரேக்கின் பலத்தைக் கூட்டுவதில்லை. இருக்கும் பலம் வீணாய் வழுக்கலில் போகாமல் காக்கிறது, அவ்வளவே. பேடு தேய்ந்து இரும்பு தெரியும் நிலையில் அதனால் யாதொரு பயனும் இல்லை. ஆயிலில் காற்று புகுந்திருந்தாலும் அது உதவாது.

மேலும், உதிரிச் சரளையிலும் புழுதி மண்ணிலும் ஏ.பி.எஸ். உள்ள வண்டி நிற்பதற்குச் சிறிது அதிக தூரம் பிடிக்கக்கூடும். பூட்டிய சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்துக்கொண்டு அதில் முட்டி நிற்கும். உருளும் சக்கரத்திற்கு அக்குவியல் உண்டாவதில்லை. ஆகவே சுரங்கங்களுக்கு அருகிலுள்ள சுண்ணாம்புப் புழுதிச் சாலைகளில் வேகத்தைக் குறைப்பதே தக்கது.

தார்ச் சாலையில் மக்காச்சோளத்தைப் பரப்பி உலர்த்தும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். உருளும் மணிகளின் மேல் டயருக்குப் பிடிப்பே இல்லாதபோது, எந்த அமைப்பும் பிடிப்பை உண்டாக்க முடியாது. உலர்களம் இருக்கும் கிராமங்களில் அதனை அறுவடைக்கு முன்பே செப்பனிட்டு வைத்து, சாலையில் தானியம் பரப்பாதிருக்கக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்வது, நூறு வண்டிகளுக்குப் புதுப் பேடு போடுவதற்குச் சமமான நன்மை ஆகும்.

மாற்ற வேண்டிய காலம்

பேடின் உராய்வுப் பொருளில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளமோ கோடோ அநேகமாய் இருக்கும். அது மறையும் நிலைக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். கார்களில் உராய்வுப் பொருள் சுமார் 3 மில்லிமீட்டராகக் குறைந்தவுடன் மாற்றுவது நலம். மோட்டார் சைக்கிளுக்கு அதன் கைப்புத்தகத்தில் கண்ட அளவே பிரமாணம். ஒரு பேடு மட்டும் மிகத் தேய்ந்து மற்றது கனமாய் இருந்தால், காலிப்பர் நகராமல் சிக்கியிருக்கிறது என்று அறியலாம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேடு வைப்பதில் பிரயோஜனமில்லை.

பிரேக்குப் பிடிக்கும்போது கிரீச்சென்ற சப்தமும், இரும்போடு இரும்பு உராயும் கரகரப்பும் எச்சரிக்கைகளாம். சின்ன வெங்காய வயலிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் வரும் வண்டிகளில் கரிசல் மண் காலிப்பருக்குள் காய்ந்து இறுகிப் பேடுகளை வேகமாய்த் தேய்த்துவிடும். அவற்றை மாதம் ஒருமுறை பார்ப்பது அவசியம். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுக்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கும், வெடிப்புக் கண்ட டிஸ்க்கும், ஆழ்ந்த கோடுகள் விழுந்த டிஸ்க்கும் பட்டறையில் மாற்றப்பட வேண்டியவை.

வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

வண்டிச் சாவியைத் திருப்பியவுடன் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி சிறிது ஓடியபின் அணைய வேண்டும். அது அணையாமலே இருந்தால், பேடு மாற்றும் வேலையைத் தொடங்காமல் முதலில் பட்டறையில் காட்ட வேண்டும்.

அடுத்தபடியாக, மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலுள்ள பிரேக் ஆயிலைக் கவனிக்க வேண்டும். புது ஆயில் தேன் போல் தெளிந்திருக்கும். அது காப்பிக் கஷாயம் போல் கறுத்தோ கலங்கியோ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். புதுப் பேடுகள் கனமானவை. அவற்றுக்கு இடமுண்டாக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளுகையில், காலிப்பரில் தங்கியிருக்கும் அழுக்கு ஆயில் பின்னோக்கி ஏறி மாடுலேட்டரின் நுண்ணிய வால்வுகளை அடையும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் இதனால் பெருங்கேடு இல்லை. ஏ.பி.எஸ். வண்டியிலோ, அவ்வால்வுகளில் அழுக்குச் சிக்கினால் மாடுலேட்டர் முழுவதையும் மாற்ற நேரிடலாம். அதன் விலை பேடுகளின் விலையைப் போல் பன்மடங்கு. ஆகையால், அழுக்கு ஆயிலைப் பட்டறையில் மாற்றிக்கொண்ட பிறகே பேடு வேலைக்கு வருவது சிக்கனமும் க்ஷேமமும் ஆகும்.

வேலைக்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: கைப்புத்தகத்தில் கண்ட ரகப் பேடுகள், பொருத்தமான ஸ்பேனர்களும் ஆலன் சாவிகளும், முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சு, பிரேக்கிற்கென்றே விற்கும் துப்புரவு ஸ்ப்ரே, பிரேக்கு ஊசிகளுக்குரிய கிரீஸ், சுத்தமான துணி, கட்டுக் கம்பி. காருக்கு மேற்கொண்டு ஜாக்கியும், தாங்கு ஸ்டாண்டும், சக்கரத்திற்கு முட்டுக் கொடுக்கக் கட்டைகளும் வேண்டும்.

மோட்டார் சைக்கிள் முன்சக்கரத்தில் செய்யும் முறை

வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். டிஸ்க் நன்றாய் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் டாங்கியையும் வர்ணம் பூசிய பாகங்களையும் துணியால் மூடுக. பிரேக் ஆயில் பட்டால் வர்ணம் உரிந்துவிடும். டப்பாவில் ஆயில் விளிம்புவரை இருந்தால் சிறிதளவைச் சுத்தமான ஊசிக்குழாயால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் பிஸ்டனைத் தள்ளும்போது வழிந்துவிடும்.

அநேக வண்டிகளில் முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. காலிப்பர் அதனிடத்தில் இருக்கும்போதே பேடுகளைத் தாங்கும் ஊசியைச் சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு காலிப்பரின் உடலைக் கையால் பக்கவாட்டில் மெதுவாய் நெருக்கினால் பிஸ்டன் சிறிது உள்ளே செல்லும். அதன்பின் காலிப்பரை முன்கவையோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரை டிஸ்க்கிலிருந்து விலக்கலாம்.

கழற்றிய காலிப்பரை ஆயில் குழாயில் தொங்கவிடலாகாது. கட்டுக் கம்பியால் கவையில் கட்டிவைக்க வேண்டும். குழாயோடு ஒட்டிச் செல்லும் மெல்லிய ஒயர் ஏ.பி.எஸ். சென்சாருடையது. அதை இழுக்கவோ மடிக்கவோ கூடாது. சென்சாரைக் கழற்றத் தேவையில்லை. பல்வளையத்தின் மேல் ஸ்பேனரோ சுத்தியலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பல் நசுங்கினாலும் சக்கரத்தின் வேகக் கணக்கு தவறிவிடும். காலிப்பர் கழன்றிருக்கும்வரை பிரேக்குக் கைப்பிடியை எவரும் தொடாதிருக்க வேண்டும். தொட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். குழந்தைகள் சுற்றி நிற்கும் வாசலில் இவ்வேலையைச் செய்யாதிருப்பதற்கு இது ஒரு காரணம்.

பழைய பேடுகளையும் ஸ்பிரிங், தகடு முதலியவற்றையும் எடுக்குமுன், அவை இருந்த விதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் தவறு. அத்தூசி சுவாசத்திற்குக் கெடுதியானது, பழைய வகைக் கட்டைகளில் அஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கலாம். துப்புரவு ஸ்ப்ரேயாலோ ஈரத் துணியாலோ துடைத்தெடுக்க வேண்டும். பிஸ்டனின் வெளித்தெரியும் பாகத்தைத் துடைக்காமல் உள்ளே தள்ளினால், அழுக்கு ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். பிஸ்டனில் உப்புத்தாள் போடுதல் கூடாது. பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசிவு காணப்பட்டாலும், ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் வேலையை நிறுத்திப் பட்டறைக்கு அனுப்புக.

பிறகு, பழைய பேடு ஒன்றைப் பிஸ்டனின் மேல் வைத்து, கையால் ஒரே சீராய் மெதுவாக அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். இரண்டு பிஸ்டன்கள் இருந்தால் ஒன்றைத் தள்ளும்போது மற்றது வெளியே வராதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். காலிப்பர் நகரும் ஊசிகளைத் துடைத்து, அவற்றுக்குரிய கிரீஸை மெல்லிதாய்ப் பூசலாம். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸோ எண்ணெயோ ஒரு துளியும் படலாகாது. டிராக்டர் கிரீஸ் தோய்ந்த கையோடு புதுப் பேடைத் தொடுவது, அதை வாங்கிய பணத்தை வீணாக்குவதாகும்.

புதுப் பேடுகளை உராய்வு முகங்கள் டிஸ்க்கை நோக்கும்படி வைத்து, ஸ்பிரிங்கும் தகடும் முன்னிருந்தபடியே அமைந்தனவா என்று பார்த்துக் காலிப்பரைப் பொருத்த வேண்டும். போல்ட்டுகளையும் ஊசியையும் கைப்புத்தகத்தில் கண்ட முறுக்களவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குக. முறுக்கு குறைந்தால் போல்ட்டு கழன்று விழும். மிஞ்சினால் அலுமினியப் புரி அறுந்துவிடும்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக்கு உள்ள வண்டிகளில் ஷூ மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். பின்சக்கரத்திற்கும் சென்சார் உள்ள வண்டியாயின், சக்கரத்தை எடுக்கும்போதும் மாட்டும்போதும் அது இடிபடாமல் காக்க வேண்டும்.

கார், ஜீப்புகளில் வேறுபாடுகள்

காரில் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருமிக்கப் பேடு மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் மாற்றினால் பிரேக்குப் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும். மழையில் ஊறிய கரிசல் நிலத்தில் ஜாக்கி தாங்காது. மேலே கெட்டியாய்த் தோன்றினாலும் பாரம் ஏறியவுடன் ஒரு பக்கமாய் அமிழ்ந்துவிடும். களத்துச் சிமெண்டுத் தரையோ கல் பாவிய முற்றமோ கிடைத்தாலன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது. ஜாக்கியில் நிற்கும் காரை நம்பாமல் தாங்கு ஸ்டாண்டின் மேல் இறக்கி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கீழே படுத்து எட்டிப் பார்ப்பது எக்காலத்திலும் ஆகாது.

பின்சக்கர டிஸ்க்கோடு ஹேண்ட் பிரேக்கு இணைந்திருக்கும் கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே செலுத்த வேண்டும், அழுத்தினால் உடையும். மின்சார ஹேண்ட் பிரேக்கு உள்ள கார்களில் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுவரத் தனிக் கருவி தேவைப்படலாம். இவ்விரண்டையும் பட்டறைக்கே விட்டுவிடுதல் நலம். சக்கர நட்டுகளைக் குறுக்கு நெடுக்காய் மாற்றி மாற்றி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முறுக்கைச் சரிபார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் என்று பெயர் இருந்தபோதிலும் அது எஞ்சின் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. டாட் 3, டாட் 4 எனப்படும் வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புது டாட் 4 ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரமேறிய ஆயிலுக்கோ அவ்வளவு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, மிதி ஒரு தடையுமின்றித் தரைவரை போய்விடும். ஆதலால் திறந்து நெடுநாளான டப்பாவிலுள்ள ஆயிலை உபயோகிக்கலாகாது.

டிராக்டருக்கென வைத்திருக்கும் எண்ணெய், எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றை மாஸ்டர் சிலிண்டரில் ஒருபோதும் ஊற்றக்கூடாது. அவை ரப்பர் வளையங்களை ஊதிப் பருக்கச் செய்து பிரேக்கு முழுவதையும் கெடுத்துவிடும். தவறி ஊற்றிவிட்டால் வண்டியை ஓட்டாமலே பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். காலிப்பரின் ஆயில் குழாயைக் கழற்றினாலும், காற்றெடுக்கும் திருகைத் திறந்தாலும் காற்று உட்புகும். மாடுலேட்டருக்குள் புகுந்த காற்றை வெளியேற்றச் சில வண்டிகளில் கம்பெனியின் கணிப்பொறிக் கருவி இல்லாமல் முடியாது. வீட்டு வேலையின் எல்லை இதுவே என்று முன்னர்க் கூறியதன் காரணம் இப்போது விளங்கும்.

சாலைக்குச் செல்லுமுன்

பேடு மாற்றியபின் நேரும் விபத்துகளுக்கு முதற்காரணம், பிரேக்கை அழுத்திப் பாராமலே வண்டியை எடுப்பதுதான். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், முதல் இரண்டு மூன்று அழுத்தங்களுக்குப் பிரேக்கே பிடிக்காது. நின்ற நிலையிலேயே கைப்பிடியையோ மிதியையோ பலமுறை அழுத்தி, அது கல் போல் கெட்டியாகும் வரை வண்டியை நகர்த்தலாகாது. எத்தனை முறை அழுத்தியும் பஞ்சு போல் இருந்தால் காற்று புகுந்துள்ளது என்று பொருள். வண்டியை எடுக்கவே கூடாது. பிறகு ஆயில் மட்டம் மேல்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் இடையில் உள்ளதா என்று பார்த்து மூடியை இறுக்க வேண்டும்.

முதல் ஓட்டம் போக்குவரத்தில்லாத சமதளச் சாலையில் நடை வேகத்தில் இருக்கட்டும். புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிவதற்கு, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு மிதமாகக் குறைப்பதை, இடையிடையே ஆறவிட்டு, இருபது முறையளவு செய்ய வேண்டும். முதல் 200 கிலோமீட்டர் வரை பாரமேற்றுவதையும் அவசியமின்றிக் கடும் பிரேக்குப் பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும். சந்தை நாளன்று விடியற்காலையில் பேடு மாற்றி, உடனே மூட்டையேற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவது தகாது.

எச்சரிக்கை விளக்குகள்

மோட்டார் சைக்கிளைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை எஞ்சினால் சுழற்றினால், முன்சக்கரம் நிற்கப் பின்சக்கரம் மட்டும் ஓடுவது கண்டு ஏ.பி.எஸ். விளக்கு எரியக்கூடும். சாவியை அணைத்து மறுபடியும் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அது அணைந்துவிடும். இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஓட்டியும் அணையாவிடில், சென்சாரின் முகத்தில் சுண்ணாம்புப் புழுதியோ சேறோ அப்பியிருக்கலாம். மென்மையான ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கலாம்; கம்பி பிரஷ் கூடாது. அதற்கும் அணையாவிடில் பட்டறையில் காட்ட வேண்டும். அதுவரை சாதாரணப் பிரேக்கு வேலை செய்யும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை மனத்தில் வைத்து மெதுவாகச் செல்ல வேண்டும். காரில் சிவப்புப் பிரேக்கு விளக்கு எரிந்தால், ஹேண்ட் பிரேக்கு விடுபட்டுள்ளதா, ஆயில் மட்டம் சரியா என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் ஓட்டலாகாது.

முடிவாக

பேடு மாற்றுதல் விவசாயியின் கைக்கு மீறிய வேலை அன்று. தெளிந்த ஆயில், அணைந்த விளக்கு, கெட்டித் தரை, சுத்தமான கை ஆகிய நான்கும் இருந்தால் தொடங்கலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பட்டறையை நாடுவதே விவேகம். ஆயில் குழாயும் மாடுலேட்டரும் சென்சாரும் தொடப்படாமல் இருக்கட்டும். கைப்பிடி கெட்டியாகும் வரை வண்டி வாசலைத் தாண்டாதிருக்கட்டும். கதிர் முற்றுவதற்கு முன்பே அரிவாளைத் தீட்டி வைப்பது போல, தை மாத அறுவடை நெரிசல் தொடங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி ஒவ்வொருவரும் தம் வாகனத்தின் பேடுகளைப் பார்த்துக்கொள்வாராயின், பண்டமும் உயிரும் பத்திரமாய் வீடு வந்து சேரும்.